தவறவிட்டவன் எந்த ஊர்?

எங்கள் ஊரில் உதைபந்தாட்டத்தைப் பார்க்கிறவர்களைவிடக் கேட்கிறவர்கள்தான் அதிகம். மைதானம் மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. திருவிழாக் கிண்ணப் போட்டி தொடங்கினால் கோயில் கோபுரத்திலும் மைதானத்து ஓரப் பனைகளிலும் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிவிடுவார்கள். மைதானத்துக்கு வராத பெண்கள் மீன் வெட்டிக்கொண்டும் அடுப்பு ஊதிக்கொண்டும் முழு ஆட்டத்தையும் காதாலேயே பார்த்து முடிப்பார்கள். எந்தப் பெடியன் நல்லவன், எவன் உதவாக்கரை என்று அந்தக் குழாய் சொன்னதுதான் ஊரில் மறுநாள் பேச்சாக இருக்கும். அந்தக் குழாய்களைக் கண்டால் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வர்ணனை செய்கிறவர் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். காலையில் கரைக்கு வரும் மீனைக் குவித்து வைத்து, செவுளைத் தூக்கிக் காட்டி, விலையை ஏற்றி ஏற்றிக் கூறி விற்பார். அதே தொண்டைதான் மாலையில் மைக்குக்குப் போகும். அதே சொற்களும் போகும். ஊரில் எல்லோரும் ரசித்தார்கள். நானும் முதலில் ரசித்தேன்.

நாங்கள் இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள். நான் நடை பழகிய பிள்ளையாக இருந்தபோது சண்டைக்குத் தப்பிப் படகில் ஏறிப் போனோம். வழியில் நான் அழுதுவிடாமல் இருக்க அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாராம். நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போன படகு திரும்பி வரவில்லை. வெயிலில் கிடந்த எங்களை வேறொரு படகு வந்து ஏற்றியது. அதற்குப் பிறகு அம்மா கடலுக்குள் கால் வைத்ததில்லை. தம்பி இராமேஸ்வரத்துப் பக்கத்து அகதிக் காம்பில் பிறந்தவன். அப்பா அந்தக் காம்பிலேயே இறந்துபோனார். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, அம்மாவின் சீதனக் காணி ஒன்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊருக்குத் தெற்கே இருக்கிற இந்த ஊருக்கு வந்தோம். வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு கிடைத்தது. நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ரியூசன் சொல்லிக் கொடுத்தேன். தம்பி படகுகளுக்குக் கூலிக்குப் போனான்.

மீள்குடியேறிய ஊரில் ஆட்களை இப்போது இருக்கிற வீட்டை வைத்துச் சொல்ல மாட்டார்கள், முன்னம் ஓடிப்போன இடத்தை வைத்துத்தான் சொல்வார்கள். செட்டிகுளத்தில் இருந்தவை, உப்புக்குளத்தில் வாடகைக்கு இருந்தவை, எங்கேயும் போகாமல் நின்றவை. நாங்கள் இந்தியாக்காரர். தம்பிக்கு அதற்கு மேலே இன்னொரு பட்டம்: கறுவல். கடலில் வெயில் குடித்து வளர்ந்த சனத்தில் வெள்ளைக்காரன் யார் இருக்கிறான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் அவன் மற்றவர்களைவிட ஒரு பிடி கூடக் கறுப்பு, வாயைத் திறந்தால் இந்தியத் தமிழ். ஊருக்கு அது போதும்.

ஆனால் பந்து காலுக்கு வந்தால் கதை வேறு. ஊர்க் கழகத்தில் அவன் சேர்ந்த முதல் வருடமே முன்வரிசையில் ஆடினான். கோல் போட்டால் குழாய் அலறும்: “எங்கட பெடியன்! எங்கட மண்ணின்ர பெடியன்!” அம்மா அடுப்படியில் நின்று சிரிப்பார். அந்த ‘எங்கட’ அம்மாவுக்கு ஒரு காணி உறுதிப் பத்திரம் கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கழகப் பெடியள் எங்கள் முற்றத்து வேம்பின் கீழ் கூடுவார்கள். சனிக்கிழமை இரவு கோயில் மண்டபத்து ரிவியில் இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டம் பார்த்திருப்பார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் என்ன எழுதின என்று நான் போனில் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். இது எப்படியோ ஒரு வழக்கமாகிவிட்டது. தேத்தண்ணி என் செலவு, சீனி அவர்கள் கொண்டுவருவார்கள். கோல் கீப்பர்தான் கழகத்தின் தலைவன், அவன் எப்போதும் வேம்பில் முதுகை முட்டுக்கொடுத்து நிற்பான். தம்பி தள்ளி வேலியோரம் இருந்து கேட்பான்.

அப்படி வாசிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது. அங்கே ஒரே கழகத்தில் இரண்டு இளம் ஆட்டக்காரர்கள். ஒருவன் வெள்ளை, மற்றவன் கறுப்பு. இரண்டு பேரும் தாய்க்கு வீடு வாங்கியிருந்தார்கள். வெள்ளைப் பெடியனைப் பற்றிய செய்தியில் பாசம் வழிந்தது. கறுப்புப் பெடியனைப் பற்றியதில் வீட்டின் விலையும் அவன் சம்பளமும் அவன் இன்னும் என்னத்தைச் சாதித்துவிட்டான் என்ற கேள்வியும்தான். நானாகக் கண்டுபிடித்ததல்ல. அதே கழகத்தில் ஆடிய இன்னொரு கறுப்பு வீரர் அந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாருங்கள் என்று உலகத்துக்குக் காட்டியிருந்தார். அவரையும் பத்திரிகைகள் பல வருடமாகப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. என்ன வாங்கினார், எங்கே சாப்பிட்டார், காலில் என்ன பச்சை குத்தினார் என்று.

“தாய்க்கு வீடு வாங்கினதும் குற்றமோ அக்கா?” என்று கீப்பர் கேட்டான்.

“வாங்கினவன்ர தோலைப் பொறுத்தது” என்றேன்.

அன்றிலிருந்து நான் மண்டபத்து ரிவியில் படத்தைவிட்டுச் சத்தத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். வெள்ளை ஆட்டக்காரன் ஒரு பந்தைக் கொடுத்தால், அவன் எப்படி யோசித்தான், எப்படி முன்கூட்டியே கண்டுகொண்டான் என்பார்கள். கறுப்பு ஆட்டக்காரன் அதே பந்தைக் கொடுத்தால் வேகம், பலம், உடம்பு, பிறவியிலேயே வந்தது. அவனுக்கும் ஒரு தலை இருக்கிறது, அதற்குள் ஏதோ ஓடுகிறது என்பது அவர்கள் வாயில் வரவே வராது. எல்லாம் புகழ்ச்சிதான். அதுதான் பிரச்சினை. திட்டினால் திருப்பித் திட்டலாம், புகழ்கிறவனை என்ன செய்வது?

அடுத்த ஆட்டத்தில் எங்கள் ஊர்க் குழாயைக் கேட்டேன். என் காது எரிந்தது. “ஆஹா, தொடையைப் பாருங்கோ! நெஞ்சைப் பாருங்கோ! காட்டுக் குதிரை! பிடிக்க ஏலாது!” இது என் தம்பிக்கு. மற்றப் பக்கத்தில் ஓடிய, எங்கேயும் போகாமல் நின்ற குடும்பத்துப் பெடியனுக்கு: “மூளை! தம்பிக்கு மூளை!” என் தம்பி விடிய முன்னம் ஈர மணலில் வலை காயப்போடும் கம்புகளுக்கு நடுவே பந்தடித்துப் பழகுகிறவன். எதிர்க் கீப்பர் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறான் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்து வைத்துக்கொள்கிறவன். அவனைப் பற்றிக் குழாய் சொன்னதெல்லாம் தொடை. சந்தையில் கிடக்கிற அறுக்குளா மீனா அவன்?

கடற்கரையில் ஏலம் கூறுகிறவரைக் கண்டபோது சொன்னேன். “மாமா, தம்பியைப் பற்றிச் சொல்லேக்குள்ள உடம்பை மட்டும் சொல்லுறீங்கள்.”

அவர் சிரித்தார். “புகழ்ந்துதானே பிள்ளை சொல்லுறன்! சனம் கேட்டுக் கை தட்டுது. உனக்கு என்ன குறை?”

தம்பிக்கும் என் கோபம் பிடிக்கவில்லை. “விடுக்கா. நல்லாத்தானே சொல்றாரு. வம்பு வேணாம்” என்றான். வம்பு வேண்டாம் என்பது காம்பில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வருவது.

கொரோனாவால் தள்ளிப்போன திருவிழாக் கிண்ணத்தை இடையில் கொஞ்சம் தளர்வு வந்தபோது நடத்தினார்கள். ஏலம் கூறுகிறவரின் மகன் இலண்டனில் இருந்தான். கிண்ணமும் ஜேர்சிகளும் அவன் அனுப்பியவை. இங்கிலாந்து அணியின் மாதிரியே வெள்ளை. இறுதியாட்டத்துக்கு மன்னார்த் தீவிலிருந்து ஒரு பலமான கழகம் வந்தது. நான் போகவில்லை. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. அம்மாவோடு வீட்டில் இருந்து, அவர் அரிசியில் கல் பொறுக்க, நான் ஒன்றும் செய்யாமல் குழாயைக் கேட்டேன்.

முதல் பாதியில் தீவுக்காரர் ஒரு கோல். முடிய முன்னம் தம்பி சமன் செய்தான். “எங்கட பெடியன்! எங்கட மண்!” என்று குழாய் கிழிந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பெனால்ரி. ஒவ்வொருவராக அடித்தார்கள். எங்களுடைய கடைசி அடி தம்பியுடையது. அவன் போட்டால் தொடரலாம், விட்டால் முடிந்தது. “காட்டுக் குதிரை வருகுது, காட்டுக் குதிரை!” என்று குழாய் சொன்னது. பிறகு ஒரு பெரிய மூச்சு மாதிரிச் சனத்தின் சத்தம்.

பந்து மேலாலே போய்விட்டது.

குழாய் கொஞ்சநேரம் கரகரத்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. கோபத்தில் வந்த குரலாக இல்லை, விலை படியாத மீனை ஒதுக்குகிற குரல். “நான் முதலே நினைச்சனான். உடம்பு இருந்தாக் காணுமோ? இந்தியாவில இருந்து வந்ததுகளுக்கு இந்த ஊர்க் கிண்ணத்தின்ர அருமை என்னெண்டு தெரியும்?”

அம்மாவின் கை சுளகில் அப்படியே நின்றது. முகத்தைத் தூக்கவில்லை. “குழாயை நிப்பாட்ட ஏலாதோ?” என்று மட்டும் கேட்டார். ஊர்க் குழாயை வீட்டிலிருந்து எப்படி நிற்பாட்டுவது? நான் எழும்பி யன்னல்களைச் சாத்தினேன். சாத்தியும் கேட்டது.

சனம் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையால் கலைந்து போனது. யாரோ “கள்ளத்தோணி” என்று கத்தினான். கூரைத் தகரத்தில் ஒரு கல் விழுந்து உருண்டது. நான் பொல்லை எடுத்துக்கொண்டு வேலிப் படலைக்கு ஓடினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இழுத்திராவிட்டால் அன்று யாருடைய மண்டையாவது உடைந்திருக்கும், எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

தம்பி பொழுதுபட்டு வந்தான். கழகத்தில் ஒருவரும் கூட வரவில்லை. ஜேர்சியைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டான். மறுநாள் அதை மடித்துக் கீப்பர் வீட்டு வேலியில் வைத்துவிட்டு வந்தான்.

ஊருக்கு ஒரு முகநூல் பக்கம் இருக்கிறது. கனடா, சுவிஸ், இலண்டன் என்று போனவர்கள் எல்லோரும் அதில்தான் ஊரில் இருக்கிறார்கள். நான் பார்க்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை. ஏலம் கூறுகிறவரின் மகன் எழுதியிருந்தான்: “கறுவலுக்கு ஜேர்சி வாங்கிக் குடுத்தது என்ர பிழை. வந்த வழியால திருப்பி அனுப்புங்கோ.” கீழே வரிசையாகக் குரங்குப் படங்கள். விரலால் தட்டினால் வருகிற சின்னக் குரங்குகள். அவனுக்கு அவன் தகப்பனின் நிறம், தகப்பனுக்கு அடுப்புக்கரியின் நிறம். இலண்டனில் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவனுக்கு அவனும் என் தம்பியும் ஒரே கறுப்புத்தான் என்று அவனுக்கு யார் சொல்வது?

தம்பியும் அதைப் பார்த்துவிட்டான். சில நாட்கள் கழித்துக் கட்டிலின் கீழே காம்பிலிருந்து கொண்டுவந்த பழைய பையைக் கண்டேன். உடுப்புகள் மடித்து அடுக்கியிருந்தன.

“என்னடா இது?”

“திரும்பப் போறேன்க்கா. அங்க அகதின்னு சொன்னாங்க. பரவாயில்ல, அது உண்மை. இங்க எதுக்கு இதெல்லாம் கேக்கணும்?”

வெளியே அம்மா கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். உள்ளே வந்து, “படகிலயோ?” என்றார். அவன் பையைக் கட்டிலின் கீழே திரும்பத் தள்ளினான். ஒழுங்கான வழியில் போக அவனிடம் ஒன்றும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அம்மா கட்டிலில் இருந்துவிட்டார். அந்த மணல்திட்டு அவர் கண்ணில் தெரிந்ததை நான் பார்த்தேன். அதன்பிறகு அவர் இரவில் எழும்பி எழும்பி அவன் பாயைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் வேறு எந்தக் கவலையும் மிஞ்சவில்லை. அவன் நிற்பானா, போய்விடுவானா, அது ஒன்றுதான்.

கொரோனா திரும்பவும் கூடிப் பயணத்தடை வந்தது. படகுகளும் நின்றன. ஒருவகையில் அதுவே எங்களைக் காப்பாற்றியது.

அந்தத் தடைக்குள்தான் இங்கிலாந்து ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் தோற்றது. பெனால்ரியில். தவறவிட்ட மூன்று பேரும் கறுப்பு இளைஞர்கள். அவர்களில் ஒருவனுக்கு வயது பத்தொன்பது. விடிந்து போனைத் திறந்தால் அதே குரங்குகள். அதே சின்னக் குரங்குப் படங்கள், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மொழி மட்டும் வேறு. முதல் நாள் வரைக்கும் இங்கிலாந்தின் நம்பிக்கை என்று எழுதப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அந்த மூவரில் ஒருவன் பசித்த பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்க அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியவன். அவனுடைய சுவரோவியத்தின்மேல் யாரோ அசிங்கமாகக் கிறுக்கிவிட்டிருந்தார்கள்.

பின்னேரம் வேலிக்கு வெளியே பெடியள் வந்து நின்றார்கள். எங்கள் திருவிழாக் கிண்ணத்துக்குப் பிறகு முதல் தரம். முகக்கவசம் போட்டு, ஆளுக்கு ஆள் தள்ளி. கூட்டம் கூடக் கூடாது என்பதால் உள்ளே வராமல் நின்றார்கள் என்று சொல்லலாம். எனக்கு வேறு காரணமும் தெரியும்.

“அக்கா, அந்த மூண்டு பேரைப் பற்றியும் பேப்பர் என்ன சொல்லுது?” என்று கீப்பர் கேட்டான்.

வாசித்தேன். குரங்குகளைச் சொன்னேன். சுவரைச் சொன்னேன். அந்த ஊர்ச் சனம் வந்து, கிறுக்கிய இடத்தை மறைக்கிற அளவுக்குச் சின்னச் சின்னக் கடதாசியில் அன்பாக எழுதி ஒட்டியதையும் சொன்னேன். பெடியளுக்குக் கண் கலங்கியது, பொய்யில்லை. “என்ன சனமக்கா இது! கோல் போட்டா இங்கிலாந்துக்காரன், விட்டாக் குரங்கோ?” என்றான் ஒருவன்.

அவ்வளவுதான், எனக்குள் எதுவோ அறுந்தது. “நீங்கள் என்ன சனம்?” என்று கேட்டேன். “இஞ்ச இந்தத் தகரத்தில கல் விழுந்த அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்? ஒருத்தன் இந்தப் படலையைத் திறந்தனீங்களோ? அங்க உள்ளவன் சுவரில கடதாசி ஒட்டினான். நீங்கள் என்ர தம்பிக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? இங்கிலாந்துக்காரனுக்கு அழ வந்திட்டீங்கள், போங்கோ!”

கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் நிலத்தைப் பார்த்தன. கலைந்து போனார்கள். கீப்பர் மட்டும் கடைசியில் திரும்பி வந்து, வேலிக்கு மேலால் ஒரு பொலித்தீன் பையை நீட்டினான். அந்த ஜேர்சி. “இது அவன்ர. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்ல அக்கா” என்றான்.

என் சூடு அடங்கவில்லை. தடையிலும் மீன் விற்க விட்டிருந்தார்கள். மறுநாள் காலையே கடற்கரைக்குப் போனேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. மீன் வாங்க வந்த பெண்கள் பாதி வட்டமாக நின்றார்கள். நான் நேரே வட்டத்துக்குள் போய் அவரைச் சுற்றி நடந்து, அவருடைய குரலிலேயே கூறத் தொடங்கினேன். “வாங்கோ வாங்கோ! முதுகைப் பாருங்கோ! தோளைப் பாருங்கோ! தொண்டையைப் பாருங்கோ, என்ன பலம்! மூளையைக் கேக்காதேங்கோ, அது இந்தச் சாதி மீனுக்கு வாறேல்ல!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. கை ஓங்குவார் என்றுதான் நினைத்தேன், நானும் தயாராகத்தான் நின்றேன். “எப்பிடி இருக்கு மாமா?” என்று கேட்டேன். “புகழ்ந்துதானே சொல்லுறன்?”

அவர் கையிலிருந்த மீனைக் குவியலில் போட்டுவிட்டு வட்டத்தை விட்டு வெளியே நடந்தார். நான் விடாமல் பின்னால் போனேன். “உங்கட குழாய் எங்கட வீட்டுக்குள்ள கேக்கும் மாமா. அண்டைக்கு அம்மா கேட்டவ. யன்னலைச் சாத்தியும் கேட்டவ.”

படகொன்றின் நிழலில் நின்றுகொண்டு அவர் கடலைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். “நேற்று மகன் இலண்டனில இருந்து போன் எடுத்தவன்” என்றார். “மாட்ச் முடிஞ்சு ரயிலில வந்திருக்கிறான். இங்கிலாந்து ஜேர்சி போட்டுக்கொண்டு. உங்கட ஆக்களாலதான் தோத்தது எண்டு நாலைஞ்சு பேர் பிடிச்சுத் தள்ளி, முகத்தில துப்பிப்போட்டாங்களாம். அவன் எந்த ஆக்கள் பிள்ளை? அவன் பந்தே அடிக்கேல்ல.”

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று நெஞ்சுக்குள் ஒரு குரல். பிறகு அவர் தன் முகத்தைச் சாரத்தின் தலைப்பால் துடைத்ததைப் பார்த்தேன், துப்பல் அவர் முகத்திலேயே விழுந்த மாதிரி. எனக்கு அந்தச் சந்தோஷம் தங்கவில்லை. ஆனால் ஆறுதல் சொல்லவும் வாய் வரவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு யாரோ ஏலத்துக்குக் கூப்பிட, அவர் போனார்.

அடுத்த வருடம் திருவிழாக் கிண்ணம் வந்தபோது நாடே குப்புற விழுந்துகிடந்தது. மண்ணெண்ணெய் இல்லை, படகுகள் கரையில் வரிசையாகக் கிடந்தன. பால்மா இல்லை, காஸ் இல்லை, கரண்ட் எந்த நேரம் போகும் என்று தெரியாது. தீவுப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறி இந்தியாவுக்குப் போகிற செய்தி தினமும் வந்தது. இப்போது தம்பியைப் பிடித்து வைக்கப் பயணத்தடையும் இல்லை. அவன் ஒரு படகுக்காரனோடு கதைத்துவிட்டான் என்று அறிந்தேன். பை கட்டிலின் கீழே அப்படியே இருந்தது.

கீப்பர் படலைக்கு வந்தான். இந்த முறை திறந்துகொண்டு உள்ளே வந்தான். “நீ இல்லாமல் நாங்கள் இறங்கேல்ல மச்சான்” என்றான். தம்பி அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “சரி, இந்தக் கிண்ணம் ஆடிட்டுப் போறேன்” என்றான். ஆடுகிறேன் என்றது கீப்பருக்கு. போகிறேன் என்றது எங்களுக்கு.

இறுதியாட்டத்துக்கு மறுபடியும் அதே தீவுக் கழகம். மறுபடியும் நானும் அம்மாவும் வீட்டில். அம்மா அரிசிச் சுளகைத் தொடவே இல்லை, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். குழாய் தொடங்கியது. நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்துக் கேட்டேன். “நேரம் பார்த்து ஓடினான்” என்றது. “ஆளைப் பார்த்துக் குடுத்தான்” என்றது. ஒரு தரம் பழக்கதோஷத்தில் “தொடையை—” என்று தொடங்கி, விழுங்கி, “யோசிச்சு அடிச்சான்” என்று முடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. பெனால்ரி. தம்பி தான் அடிக்க மாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தான். ஐந்து ஐந்து பேர் அடித்தும் சமனாகவே நின்றது. அதற்குப் பிறகு அடிக்காதவர்களும் அடித்தே ஆக வேண்டும். தீவுக்காரன் போட்டுவிட்டான். எங்களில் யார் வருகிறார் என்று குழாய் சொல்ல வேண்டிய இடத்தில் குழாய் நின்றுவிட்டது.

அம்மா எழும்பினார். “கரண்ட் போயிட்டுதோ?”

நான் ஓடிப்போய் சுவிச்சைப் போட்டேன். பல்ப் எரிந்தது. கரண்ட் இருந்தது. குழாய்தான் இல்லை. அந்த மனிதர் மைக்கை மூடிவிட்டார். அப்போது விளங்கியது, பந்துக்கு முன்னால் நிற்கிறவன் யார் என்று. அம்மாவுக்கும் விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்தார், நகம் பதியப் பிடித்தார். ஊர் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. கடல் மட்டும் கேட்டது.

பிறகு மைதானத்திலிருந்து ஓர் ஓலம். நம்முடையதா, அவர்களுடையதா என்று பிரிக்க முடியவில்லை. நான் அம்மாவைப் பார்க்க, அம்மா யன்னலால் கோபுரத்துக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழாய் கரகரத்தது. மைக்கின் முன்னால் ஒருவர் மூச்சு எடுப்பது கேட்டது.

“எங்கட பெடியன் தவறவிட்டிட்டான்.”

அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, யாருக்கோ திருத்திச் சொல்கிறவர் மாதிரி இன்னொரு தரம், “எங்கட பெடியன்” என்றார். பிறகு கிண்ணம் கொடுக்கப்போகிறார்கள், சனம் பொறுமையாக நிற்கட்டும் என்று வழக்கமான அறிவித்தலுக்குப் போய்விட்டார்.

அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய மகன் எழுதியது முகநூலில் கனகாலம் அப்படியே கிடந்தது. ஆனால் முந்திய வருடம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, வென்ற வீட்டுத் தாய் மாதிரி அன்று வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சீறிவிட்டு, உள்ளே போய்க் கட்டிலின் கீழிருந்து அந்தப் பையை இழுத்தார். உடுப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக உதறி, அவனைக் கேட்காமலேயே கொடியில் போட்டார். வெறும் பையைச் சுருட்டி அடுப்படி மூலையில் எறிந்தார்.

தம்பி வந்தபோது கீப்பரும் இன்னும் சில பெடியளும் படலை வரைக்கும் கூட வந்தார்கள். எங்கள் தகரத்தில் அன்று ஒன்றும் விழவில்லை. அவன் உள்ளே வந்து கொடியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நானும் மூச்சுவிடாமல் அவனைப் பார்த்தேன். குளித்துவிட்டு வந்து, கொடியிலிருந்து ஒரு சேர்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட இருந்தான்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார். “கனக்க மேலாலயோ போனது?”

“பனை உயரம்மா” என்றான். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இராமேஸ்வரத்துல போய் விழுந்திருக்கும்.”

“பந்து போனாப் போகட்டும்” என்றார் அம்மா, மீனைத் தேடிப் பெரிய துண்டாக எடுத்து அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.